கேதம் கேட்க வராத துக்கம்: பிள்ளையை இழந்த வீடுகளுக்கான கேள்வி பதில்

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில், வயிற்றிலேயோ பிறந்த சில நாட்களிலேயோ பிள்ளையைப் பறிகொடுத்த பெண்கள் சிலர் ஆண்டுக்கு ஒரு நாள், நடுவில் முற்றம் வைத்துக் கட்டிய ஒரு வளவு வீட்டில் கூடி விளக்கேற்றுகிறோம். சங்கம் என்று பெயர் வைத்துக்கொள்ளவில்லை, சந்தாவும் கிடையாது. புதிதாக வருகிறவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. வீட்டில் இருந்தபடியே கேட்க நினைத்து வாய் வராதவர்களும் படிக்கட்டும் என்று எழுதி வைக்கிறேன். எனக்கு எட்டாம் மாதத்தில் ஒரு மகள் தங்காமல் போனாள். நான் எழுதுவது அங்கிருந்துதான்.

இதற்கெல்லாம் ஒரு கூட்டம் வேண்டுமா?

எங்கள் பக்கம் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் கேதம் கேட்க ஊரே வரும். முகப்பில் செருப்பு குவிந்து கிடக்கும். பேசத் தெரியாதவர்கூட வந்து பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போவார். அந்த உட்காருதலில் பாதி பாரம் இறங்கும்.

பச்சைக் குழந்தை போனால் அப்படி யாரும் வருவதில்லை. ஆண்கள் இரண்டு பேர் துணியில் சுற்றி எடுத்துப் போய்ப் புதைத்துவிட்டு வருவார்கள். எந்த இடம் என்று தாய்க்குச் சொல்ல மாட்டார்கள். கருமாதி இல்லை, திவசம் இல்லை. மறுநாள் வழக்கம்போல் அடுப்பு எரியும். ‘போய்க் கேட்டால் அவளுக்கு ஞாபகம் வந்துவிடும்’ என்று நல்ல மனசோடுதான் விலகிப் போகிறார்கள். அவள் எங்கே மறந்தாள், புதிதாக ஞாபகம் வருவதற்கு?

நம் முன்னோர் இப்படி இருந்ததாகத் தெரியவில்லை. பழைய சாலை ஓரங்களில் சுமைதாங்கிக் கல்லைப் பார்த்திருப்பீர்கள்: நிறுத்திய இரண்டு கற்கள், அவற்றின் மேல் படுக்கவைத்த ஒரு கல். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நட்டு வைப்பது வழக்கம். தலைச்சுமையோடு வருகிறவர் இன்னொருவர் கையை எதிர்பார்க்காமல் தாமே இறக்கி வைத்து, இளைப்பாறி, மறுபடி ஏற்றிக்கொண்டு போகலாம். இறக்காத சுமையோடு போனவள் பேரால் மற்றவர்கள் சுமையை இறக்குகிறார்கள். நாங்கள் கூடுவதும் அதுமாதிரி ஒரு கல் நடுவதுதான் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

எந்த நாளில் கூடுகிறீர்கள்? அன்றைக்கு என்ன நடக்கும்?

அக்டோபர் 15, மாலை 7 மணி. அமெரிக்காவில் 1988-இல் அதிபர் ரீகன் அக்டோபர் மாதத்தை இப்படிப்பட்ட குழந்தைகளின் நினைவு மாதமாக அறிவித்தார். பின்னால் 15-ஆம் தேதி நினைவு நாளாகப் பல நாடுகளுக்கும் பரவியது. அந்தந்த ஊர் நேரப்படி 7 மணிக்கு ஏற்றி ஒரு மணி நேரம் எரியவிட்டால், ஓர் ஊரில் விளக்கு குளிரும் நேரம் அடுத்த ஊரில் ஏற்றுகிற நேரமாக இருக்கும். இப்படியே வெளிச்சம் உலகத்தைச் சுற்றி வந்துவிடும்.

நமக்கு அது புரட்டாசி முடிகிற சமயம். மழை பிடிக்கலாம் என்பதால் முற்றத்தில் வைக்காமல் வளவைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தில் அகல் வைக்கிறோம். பேர் சொல்ல விருப்பமுள்ளவர்கள் சொல்லிவிட்டு ஏற்றலாம், விருப்பமில்லாதவர்கள் சும்மா ஏற்றலாம். பேச்சாளர் யாரும் கிடையாது. அப்புறம் சுக்குமல்லிக் காபி. அவ்வளவுதான்.

முதல் ஆண்டு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். எண்பது வயதைத் தாண்டிய ஓர் ஆச்சி, மகளுக்குத் துணையாக வந்து தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் ஏற்றி முடித்த பிறகு, “ஏத்தா, எனக்கு மூணு அகல் வேணும்” என்றார்கள். எங்களுக்குப் புரியவில்லை. “ரெண்டு தங்கலை. ஒண்ணு பதினோரு நாள் இருந்துச்சு” என்று சொல்லிவிட்டு, கை நடுங்க அவர்களே எண்ணெய் விட்டார்கள். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. பக்கத்தில் நின்ற மகளுக்கு வயது அறுபது இருக்கும். தனக்கு மேலே மூன்று பேர் இருந்தார்கள் என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

எனக்கு இரண்டாம் மாதமே கலைந்துவிட்டது. நானும் வரலாமா?

வாருங்கள். உலக சுகாதார நிறுவனம் நாடுகளை ஒப்பிடுவதற்காக 28 வாரத்துக்கு மேல் போனதை ‘இறந்து பிறப்பு’ என்று எண்ணுகிறது. சட்டத்துக்கு வேறு கணக்கு, மருத்துவமனைக்கு வேறு கணக்கு. எங்களிடம் யாரும் வாரம் கேட்பதில்லை. கர்ப்பம் என்று தெரிந்தவற்றில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து இப்படி நிற்காமல் போகின்றன. உங்கள் தெருவிலேயே எத்தனை பேர் வெளியில் சொல்லாமல் இருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

நான் ஏதோ தப்புப் பண்ணிவிட்டேனோ? பப்பாளி சாப்பிட்டேன், ஸ்கூட்டியில் போனேன், தண்ணீர்க் குடம் தூக்கினேன்.

இந்தக் கேள்வியோடு வராதவர்கள் எங்களில் யாரும் இல்லை. எனக்கு அது மாடிப்படி. காயப்போட்ட துணியை எடுக்க ஒரே நாளில் நாலு முறை ஏறி இறங்கினேன். அந்தப் படிகளை மாதக்கணக்கில் எண்ணிக்கொண்டிருந்தேன்.

முதல் மூன்று மாதத்தில் நிற்காமல் போகிற கருக்களில் ஏறக்குறைய பாதிக்கு, கரு உருவாகும்போதே குரோமோசோம் எண்ணிக்கையில் ஏற்படுகிற கோளாறுதான் காரணம். அதை நீங்கள் கொண்டுவரவும் இல்லை, தடுத்திருக்கவும் முடியாது. நாலு துண்டு பழுத்த பப்பாளியோ, கொஞ்ச தூரம் வண்டியில் போனதோ ஆரோக்கியமான கருவைக் கலைத்துவிடாது. பிந்திய மாதங்களில் போவதற்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிவது, தொற்று, குழந்தையின் வளர்ச்சி குறைவது என்று பல காரணங்கள் இருக்கின்றன. எவ்வளவு தேடினாலும் காரணம் பிடிபடாமலே போவதும் உண்டு. அதைத் தாங்குவதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம்.

ஆனால் மருத்துவரிடம் சில விஷயங்களைக் கேட்டே ஆக வேண்டும். உங்கள் ரத்த வகை நெகட்டிவ் என்றால் ‘ஆன்டி டி’ ஊசி தேவையா என்று உடனே கேளுங்கள், 72 மணி நேரத்துக்குள் போட வேண்டியது அது. இரண்டு மூன்று முறை தொடர்ந்து கலைந்தால் இருவருக்கும் பரிசோதனை வேண்டும். ‘இருவருக்கும்’ என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் அழுத்திச் சொல்லுங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு பேடு முழுக்க நனைகிறது, காய்ச்சல் அடிக்கிறது, கெட்ட வாடை வருகிறது என்றால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

குழந்தை இல்லை. ஆனால் பால் கட்டுகிறது. என்ன செய்வது?

இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. எனக்கும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில் ரவிக்கை நனைந்து விழித்தபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிள்ளை போனது உடம்புக்குத் தெரியாது. அது தன் வேலையைச் செய்கிறது.

நல்ல தாங்குதலான உள்ளாடை போடுங்கள், ஈரத்துணியால் குளிர்ச்சியாக ஒத்தடம் கொடுங்கள். வலி தாங்காவிட்டால் மட்டும் கொஞ்சமாகப் பீய்ச்சி விடுங்கள், முழுக்க எடுத்தால் மேலும் சுரக்கும். துணியை வரிந்து இறுக்கிக் கட்ட வேண்டாம். சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் மருத்துவரிடம் போங்கள். சுரப்பை நிறுத்த மாத்திரை இருக்கிறது, கேட்டால் எழுதித் தருவார்கள்.

என் அப்பத்தா மல்லிகைச் சரத்தை மார்பில் வைத்துக் கட்டினார்கள். பழைய கைவைத்தியம் என்றுதான் நினைத்திருந்தேன். வேலூரில் மருத்துவர்கள் இதையே அப்போது கொடுத்துவந்த மாத்திரையோடு ஒப்பிட்டு ஆய்வு செய்திருக்கிறார்கள் என்றும், பால் வற்றுவதற்குப் பூவும் உதவியது என்று 1988-இல் எழுதியிருக்கிறார்கள் என்றும் பிறகு தெரிந்தது. அன்றைக்கு எனக்கு அந்த வாசனை பிடிக்கவில்லை. தலைக்கு வைக்கிற பூ இப்படிப் பயன்படுகிறதே என்று அழுதேன். அப்பத்தா ஒன்றும் சொல்லாமல் வாடின சரத்தை எடுத்துவிட்டுப் புதுச் சரம் வைத்தார்கள். பால் வற்றும்வரை தினமும் வைத்தார்கள்.

பாலைத் தானம் செய்ய விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். பெரிய அரசு மருத்துவமனைகள் சிலவற்றில் தாய்ப்பால் வங்கி உண்டு, குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுப்பார்கள். மனம் ஒப்பினால் செய்யுங்கள், இல்லாவிட்டால் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

குழந்தையைப் பார்க்க வேண்டாம் என்கிறார்கள். பார்க்கலாமா? எதையாவது வைத்துக்கொள்ளலாமா?

உங்கள் பிள்ளை. நீங்கள் கேட்டால் காட்ட வேண்டும். பார்க்க வேண்டாம் என்று நீங்களே முடிவு செய்தால் அதுவும் சரி. எனக்குப் பிரசவம் ஆன இடத்தில், நான் மயக்கம் தெளிவதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்டார்கள். என் நல்லதுக்கு என்றுதான் சொன்னார்கள். மகளின் காது யார் மாதிரி இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இந்தக் குறை வேறு யாருக்கும் வரக்கூடாது. பிரசவ அறைக்கு வெளியே நிற்கிற அம்மா, அத்தை, அண்ணமிண்டி (அண்ணன் மனைவி) யாராக இருந்தாலும், ‘அவள் கண் விழிக்கட்டும், அவளைக் கேட்டு முடிவு செய்வோம்’ என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அப்படியே புதைக்கிற இடத்தையும் விசாரித்துக் குறித்து வையுங்கள். ஒரு நாள் கேட்பாள்.

வைத்துக்கொள்ள: கையில் கட்டிய மருத்துவமனைப் பட்டை, சுற்றியிருந்த துணி, மை தடவி எடுத்த பாதச் சுவடு, இரண்டு முடி. ஸ்கேன் படம் இருந்தால் இன்றைக்கே போனில் படம் எடுத்து வையுங்கள். அந்தத் தாள் சூட்டில் அச்சாவது, சில ஆண்டுகளில் வெளிறிப்போகும். என்னுடையதில் இப்போது ஒரு சாம்பல் நிழல்தான் மிச்சம். நான் இவற்றை ஒரு சின்ன ஓலைக் கொட்டானில், வளைகாப்பு வளையல்களோடு வைத்திருக்கிறேன். தூக்கிப் போடச் சொன்னார்கள். என் மாமியார்தான் வாங்கி, தன் இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தார்கள்.

பதிவு செய்ய வேண்டுமா? வேலைக்கு விடுப்பு கிடைக்குமா?

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் (1969) இறந்து பிறந்த குழந்தையையும் பிறப்பாகவே கொள்கிறது, 21 நாட்களுக்குள் பதிவாக வேண்டும். மருத்துவமனையில் நடந்தால் தகவல் தருவது அவர்கள் பொறுப்பு. ஒரு மூச்சாவது விட்டுப் போன குழந்தைக்குப் பிறப்பு, இறப்பு இரண்டையும் பதிய வேண்டும். அந்தத் தாள் எதற்கு என்று கேட்பார்கள். அரசாங்கத் தாளில் ‘தாயின் பெயர்’ என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்கும். எனக்கு அது போதுமான காரணமாக இருந்தது.

விடுப்பு: கரு கலைந்தால் 6 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்பது 1961-இன் மகப்பேறு நலச் சட்டம் கொடுத்த உரிமை. 2025 நவம்பர் முதல் அது 2020-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் தொடர்கிறது, மருத்துவச் சான்று வேண்டும். அந்தச் சட்டத்தில் ‘குழந்தை’ என்ற சொல் இறந்து பிறந்த குழந்தையையும் சேர்த்தே குறிக்கும். அதனால் மாதம் முற்றி இழந்தவர்கள் 6 வாரத்தோடு நிற்க வேண்டியதில்லை, முழு மகப்பேறு விடுப்பைக் கேளுங்கள். மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்கு 2022 முதல் 60 நாள் சிறப்பு விடுப்பு உண்டு. கூலி வேலைக்கும் சமையல் வேலைக்கும் போகிற பெண்களுக்கு இதில் ஒன்றும் இல்லை, நாலாம் நாள் வேலைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். அப்படி ஒருத்தி உங்கள் வீட்டில் வேலை செய்தால் அவளுக்குச் சம்பளத்தோடு ஓய்வு கொடுங்கள். அதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

தடுப்பூசி போட வாருங்கள் என்று போன் வந்துகொண்டே இருக்கிறது.

கர்ப்பம் பதிவானபோது கொடுத்த பிக்மி எண்ணில் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) உங்கள் விவரம் இன்னும் அப்படியே இருக்கிறது என்று அர்த்தம். வீட்டில் வேறு யாராவது கிராம சுகாதார செவிலியரிடம் போய் விவரம் சொல்லித் திருத்தச் சொல்லட்டும், அங்கன்வாடியிலும் சொல்லட்டும். நீங்கள் போக வேண்டாம். கைபேசியில் இருக்கிற கர்ப்பக் கணக்குச் செயலியையும் வேறு யாரையாவது விட்டு நீக்கச் சொல்லுங்கள்.

கேதம் கேட்கப் போனால் என்ன பேசுவது?

போவதுதான் பெரிது, பேச்சு அப்புறம். ‘இன்னும் வயசு இருக்கு’, ‘பாசம் வைக்கிறதுக்குள்ள போனது நல்லது’, ‘அடுத்தது சிங்கக்குட்டியா வரும்’ என்பவற்றை வாசலிலேயே விட்டுவிட்டுப் போங்கள். அவளுக்கு அடுத்தது வேண்டாம், இதுதான் வேண்டும். “கேள்விப்பட்டேன், மனசே ஆறலை” என்றால் போதும். மனதில் பேர் ஏதாவது வைத்திருந்தாளா என்று கேளுங்கள். எனக்கு அதைக் கேட்டவர் ஒரே ஒருவர், தினமும் வீட்டுக்குப் பால் ஊற்ற வருகிற அக்கா. அந்தப் பேரை முதல்முதலாக வெளியே சொன்னது அவரிடம்தான்.

கையில் ரசம் சாதமோ இட்லியோ கொண்டு போங்கள், பாத்திரத்தைத் திருப்பிக் கேட்காதீர்கள். பதினாறு நாளோடு நிறுத்திவிடாமல், பிரசவத்துக்குக் குறித்துக் கொடுத்த தேதியில் ஒரு தடவை போய் எட்டிப் பாருங்கள்.

சீமந்தத்துக்கும் காப்பரிசிக்கும் அவளை அழைக்கலாமா என்று குழம்புவார்கள். அழையுங்கள். வருவதும் வராததும் அவள் விருப்பம். ராசியில்லை என்று ஒதுக்குவதைவிடக் கொடுமை கிடையாது.

அவர் அழவே இல்லை. அவருக்கு வருத்தம் இல்லையா?

துணியில் சுற்றியதைக் கையில் வாங்கிக்கொண்டு போனவர் அவராகவே இருக்கலாம். அந்தக் கனத்தை அவர் கை அறியும், உங்களுக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் ஓராண்டுக்குப் பிறகுதான் சொன்னார், அன்றைக்கு மழை பெய்தது என்றும், குழிக்குள் தண்ணீர் ஊறிவிடுமே என்று தன் மேல்துண்டை முதலில் விரித்தார் என்றும். இப்போது எங்கள் கூட்டத்துக்கு ஆண்களும் வருகிறார்கள். முகப்புத் திண்ணையோடு நின்றுகொள்கிறார்கள், ஆனால் வருகிறார்கள்.

எப்போது மருத்துவ உதவி தேட வேண்டும்?

துக்கத்துக்குக் காலக்கெடு இல்லை. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் மனம் செல்லவில்லை, சாகலாம் என்ற எண்ணம் வருகிறது என்றால் தாமதிக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104-லும் பேசலாம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு, நமக்குப் பக்கத்தில் சிவகங்கையும் புதுக்கோட்டையும். சாக வேண்டும் என்று ஒருத்தி வாய்விட்டுச் சொன்னால் அவளைத் தனியாக விடாதீர்கள்.

நாங்கள் உங்களைப்போல் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) இல்லை. வேறு சமயம்.

வாருங்கள். தேவகோட்டைப் பக்கமிருந்து வருகிற ஒரு கிறிஸ்தவச் சகோதரி அகல் வேண்டாம் என்று மெழுகுவத்தி கொண்டு வருவார். நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் அவர் மகனுக்கும் ஒரு மெழுகுவத்தி உண்டு. இஸ்லாமியரிடம் நான்கு மாதம் தாண்டிய பிள்ளைக்குப் பேர் வைத்து, குளிப்பாட்டி, கஃபன் துணியிட்டு அடக்குகிற வழக்கம் இருக்கிறது. அதை ஒரு பாட்டி எங்களுக்கு எடுத்துச் சொன்னபோது, இந்துப் பெண்கள் பலர் ஏக்கத்தோடு கேட்டுக்கொண்டிருந்தோம்.

எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் என்ன சொல்ல?

கேட்கிறவரைப் பொறுத்து. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் எல்லாம் சொல்ல வேண்டியதில்லை, ‘ஒரு பையன்’ என்று சொல்லிவிட்டு வந்தால் மகளை மறுத்ததாக ஆகாது. நெருங்கினவர்களிடம் நான் ‘இரண்டு, மூத்தவள் இல்லை’ என்கிறேன். நகரத்தார் கோவில் கணக்கில் கல்யாணமானவர்களைத்தான் புள்ளியாக (தலைக்கட்டாக) எழுதுவார்கள், வரி வாங்குவதற்கான கணக்கு அது. தாயின் கணக்கு வேறு.

அடுத்த குழந்தைக்கு எப்போது முயலலாம்?

உடம்பைப் பார்த்து மருத்துவர் சொல்வார். மனம் தயாரா என்று நீங்கள் இருவரும் சொல்ல வேண்டும். மற்ற யாருக்கும் இதில் வாக்கு இல்லை.

பிள்ளையார் நோன்பு வருகிறது. நினைத்தாலே பயமாக இருக்கிறது.

தெரியாதவர்களுக்கு: திருக்கார்த்திகையில் தொடங்கி 21 நாள், நாளுக்கு ஒரு இழையாகப் புது வேட்டியிலிருந்து நூல் எடுத்துச் சேர்த்து, மார்கழியில் சஷ்டியும் சதயமும் கூடுகிற அன்று அதைத் திரியாக்கி, வெல்லமும் நெய்யும் பிசைந்த மாவில் வைத்து ஏற்றி, எரிகிற சுடரோடு வாயில் போட்டுக்கொள்வோம். திரி வைத்த அந்த மாவுக்கும் இழை என்றுதான் பேர். ஆளுக்கு ஒரு இழை. வயிற்றுப் பிள்ளைக்காரி மட்டும் இரண்டு எடுத்துக்கொள்வாள், ஒன்று தனக்கு, ஒன்று உள்ளே இருப்பதற்கு. பிறப்பதற்கு முன்பே பிள்ளையை ஓர் ஆளாக எண்ணுகிற சடங்கு இது. எங்கள் வீட்டுப் பழக்கங்களில் எனக்கு ரொம்பப் பிடித்ததும் இதுதான், ஒரு வருஷம் என்னைக் கொன்றதும் இதுதான். முந்தின மார்கழியில் இரண்டு எடுத்தவள், அடுத்த மார்கழியில் ஒன்றுக்குக் கை நீட்ட வேண்டும்.

முடியாவிட்டால் அந்த ஆண்டு போகாதீர்கள், பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார். போவதானால், இழை கொடுக்கிற பெரியவரிடம் ஒருவர் முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது. எங்கள் வீட்டில் ஐயாதான் கொடுப்பார்கள். அவர்களிடம் யார் சொன்னார்களோ தெரியாது. என் முறை வந்தபோது ஒரு இழையை என் கையில் கொடுத்தார்கள். அப்புறம் இன்னொன்றை ஏற்றி, யாரையும் கூப்பிடாமல், ஆவாரம்பூவுக்குப் பக்கத்தில் பிள்ளையார் முன்னால் வைத்தார்கள். அது எரிந்து முடிகிறவரை அடுத்தவரைக் கூப்பிடவில்லை. பின்னால் நின்ற பிள்ளைகளும் சத்தம் போடாமல் காத்துக்கொண்டு நின்றார்கள்.